ஒரு சொட்டும் சிந்தாமல்

காருக்கு ஒயில் மாற்றத் தெரியாதவன் தன் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும், அவனோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அரைகுறையாகத் தெரிந்துகொண்டு, எல்லாம் தெரியும் என்ற திமிரோடு காருக்குக் கீழே போய்ப் படுக்கிறானே, அவனைக் கண்டால்தான் எனக்குப் பத்திக்கொண்டு வரும். தொண்ணூறுகளில், சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், திருகோணமலையில் உட்துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு வீட்டு முற்றத்தில் அப்படிப் போய்ப் படுத்தவன் நான்.

முற்றம் என்னுடையது அல்ல. வீடும் என்னுடையது அல்ல. வீட்டுக்காரர் துறைமுகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவர். எழுபது வயது. மனைவி செத்து, பிள்ளைகள் வெளிநாடுகளுக்குப் போய், முன்பக்கத்து மூன்று அறைகளில் தனியாக இருந்தார். பின்பக்கத்து இரண்டு அறைகளையும் சமைக்க ஒரு குசினியையும் எங்களுக்கு வாடகைக்குத் தந்திருந்தார். தந்த நாளிலிருந்து ஏன்தான் தந்தோமோ என்ற முகத்தோடு திரிந்தார். கதவைச் சாத்தினால் சத்தமாம். சாத்தாவிட்டால் நுளம்பு வருகிறதாம். வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்தால் கட்டு தேய்கிறதாம். அந்த மனிதரை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. அவருக்கும் என்னை அப்படித்தான்.

என்றாலும் அவரை விட்டு எங்களால் எழும்ப ஏலாது. நாங்கள் தோப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பழைய ஜப்பான் காரோடும் இரண்டு சூட்கேசோடும் இடம்பெயர்ந்து வந்தவர்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எழுதி, பொலிசில் முத்திரை குத்தி, கதவுக்குப் பின்னால் தொங்கவிட வேண்டும். சுற்றிவளைப்பு என்று வந்தால் முதலில் கேட்பது அதைத்தான். பட்டியலில் பெயர் இல்லாதவன் நேரே ட்ரக்கில் ஏற வேண்டியதுதான், பிறகு எங்கே இறக்குவார்கள் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் இரண்டு பேருடைய பெயரும் அவருடைய பட்டியலில், அவருடைய கையெழுத்தில் இருந்தன. அவர் நினைத்தால் ஒரு கோடு கீறிவிடலாம். அதை அவர் மறந்ததுமில்லை, என்னை மறக்க விட்டதுமில்லை.

என் மனைவிக்கு அப்போது மாதம் ஒன்பது. முதல் பிள்ளையை நாங்கள் மூதூர்த் துறையில் ஆஸ்பத்திரிக்குப் போக லோஞ்சுப் படகுக்குக் காத்துக் கிடந்தே இழந்தவர்கள். லோஞ்ச் வரவில்லை, பிள்ளை நிற்கவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. இந்த முறை வலி வந்த நிமிடமே காரில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்குவது என்று சபதம் எடுத்திருந்தேன். அதற்காகவே அந்தக் காரைக் கந்தளாய் றோட்டால் சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தேன். அந்தக் கார்தான் அந்த மாதம் பார்த்து முரண்டு பிடித்தது. கொஞ்சத் தூரம் ஓடி நிறுத்தினால் ஒயில் லைட் சிவப்பாகப் பத்தும். ஒயில் அளக்கிற குச்சியை இழுத்துப் பார்த்தால் ஒயில் தார் மாதிரிக் கிடந்தது. ஒயிலும் மாற்ற வேண்டும், ஃபில்டரும் மாற்ற வேண்டும். எங்களுக்குத் தெரிந்த கராஜ்காரரோ கராஜைப் பூட்டிக்கொண்டு இந்தியாவுக்குப் போயிருந்தார்.

நானே செய்கிறேன் என்று முடிவு செய்து வீட்டுக்காரரிடம் கேட்கப் போனேன். அவர் முன்விறாந்தையில் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"றோட்டில வைச்சுச் செய்யும்."

"றோட்டில காரை ஜக்கில தூக்கிவைக்க ஏலுமே, ஐயா? மூலையில சென்ரி நிக்குது. கீழ குண்டு கட்டுறன் எண்டு நினைச்சுச் சுட்டுப்போடுவாங்கள்."

பேப்பரை மடித்தார். முற்றத்தைப் பார்த்தார்.

அந்த முற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்படியிலிருந்து கேற் வரை வெள்ளை மணல். சண்டைக்கு முந்திய காலத்தில் கடற்கரையிலிருந்து வண்டில் வண்டிலாக ஏற்றிப் பறித்த மணல். இப்போது கடற்கரை முழுக்க நேவியின் கையில். ஒரு சிரட்டை மணல் அள்ளவும் வழியில்லை. ஆகையால் அந்த மனிதர் அதைப் பொன் மாதிரிக் காத்தார். விடிய எழும்பி ஈர்க்கு விளக்குமாற்றால் கோடு கோடாகக் கூட்டுவார். அதற்குப் பிறகு யாராவது குறுக்கே நடந்தால் முகம் கறுத்துவிடும். என் மனைவி நிறைமாத வயிற்றோடு மதில் ஓரத்தால் சுற்றிச் சுற்றி நடந்தாள். எனக்கு வயிறு எரியும்.

"வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் கோயிலுக்குப் போவன்," என்றார். "நான் திரும்பி வாறதுக்குள்ள முடிச்சுப்போடும். என்ரை மண்ணில ஒரு சொட்டு ஒயில் விழுந்ததெண்டால், அண்டைக்கே பட்டியலில உம்மடை பேரை வெட்டிப்போட்டுத்தான் மற்ற வேலை. விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு, ஐயா."

விளங்கியது. அவருக்கு மண் பெரிது, எங்கள் பிள்ளை பெரிதில்லை என்று விளங்கியது. பின்பக்கம் போய் மனைவியிடம் அவரை என்னென்ன சொல்லித் திட்டினேன் என்று இங்கே எழுத ஏலாது. அவள், "மெல்லக் கதையுங்கோ, கேக்கப் போகுது," என்று என் வாயைப் பொத்தினாள்.

வெள்ளிக்கிழமை அவர் வேட்டி மாற்றி, திருநீறு பூசி, கேற்றைச் சாத்திக்கொண்டு போனதும் வேலையைத் தொடங்கினேன். சிந்தாமல் செய்வது எப்படி என்று என்னால் பாடம் எடுக்கவே முடியும், அவ்வளவு யோசித்து வைத்திருந்தேன். முதலில் எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். சூடான ஒயில் இளகி ஒழுங்காக இறங்கும், குளிர்ந்த ஒயில் பாதி உள்ளேயே ஒட்டிக்கொண்டு பிறகு நேரங்கெட்ட நேரத்தில் வடியும். காருக்குக் கீழே பழைய தறப்பாளை விரித்தேன். அதற்கு மேல் சாக்கு, சாக்குக்கு மேல் பிள்ளையைக் குளிப்பாட்டவென்று வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் பேசின். மனைவி பல்லைக் கடித்துக்கொண்டுதான் அதைத் தந்தாள். அடி நட்டைக் கழற்றும்போது உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டே சுழற்றி, கடைசிப் புரியில் சட்டென்று இழுத்தேன். ஒயில் ஒரே கோடாகப் பேசினுக்குள் இறங்கியது. விரல் பொசுங்கியது, போகட்டும். ஒரு சொட்டும் வெளியே போகவில்லை.

ஃபில்டர்தான் சனியன். அந்தக் காரில் அது எஞ்சினுக்குப் பக்கவாட்டில், படுத்த மாதிரி இருக்கும். கழற்றிய உடனே உள்ளே கிடக்கும் ஒயில் எல்லாம் வழிந்து இரும்புச் சட்டத்தில் விழுந்து நாலு பக்கமும் தெறிக்கும். அதற்கும் வழி வைத்திருந்தேன். ஆணியால் ஃபில்டரின் மேல்பக்கத்தில் ஒரு ஓட்டை, பிறகு கீழ்ப்பக்கத்தில் ஒரு ஓட்டை. மேல் ஓட்டையால் காற்றுப் போக, கீழ் ஓட்டையால் ஒயில் நூல் மாதிரிப் பேசினுக்குள் இறங்கியது. அது நின்றதும் ஒரு சொப்பிங் பையால் ஃபில்டரை மூடி, சைக்கிள் செயினைச் சுற்றி இறுக்கி ஒரு திருப்பு. பைக்குள்ளேயே கழன்று விழுந்தது. புதிய ஃபில்டரின் றப்பர் வளையத்தில் விரலால் புது ஒயில் தடவி, கையாலேயே பூட்டினேன். புது ஒயில் ஊற்றினேன். தறப்பாளையும் சாக்கையும் பேசினையும் இழுத்து எடுத்தேன். மணலைக் குனிந்து பார்த்தேன். பால் மாதிரிக் கிடந்தது.

"வந்து பாரும்," என்று மனைவியைக் கூப்பிட்டேன். "அந்தக் கிழவன் கண்ணாடி போட்டுத் தேடினாலும் ஒரு சொட்டுக் கிடைக்காது."

என் பெருமையைப் பாருங்கள். தறப்பாளை எடுத்துவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினேன்.

இரண்டு விநாடி. மூன்று விநாடி. பிறகு காருக்குக் கீழே சீறிக்கொண்டு ஒரு சத்தம். மனைவி "ஐயோ!" என்று கத்தினாள். நான் சாவியைத் திருப்பி நிறுத்தி இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு கட்டில் அகலத்துக்கு வெள்ளை மணலில் ஒயில் பரவிக் கிடந்தது.

பழைய ஃபில்டர் கழன்றபோது அதன் றப்பர் வளையம் கழலாமல் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. அதற்கு மேலேயே புதியதைப் பூட்டிவிட்டேன். இரண்டு வளையம் ஒன்றுக்கு மேல் ஒன்று நின்றால் ஒயிலின் அமுக்கத்துக்குத் தாங்காது, பிதுக்கிக்கொண்டு பாயும். கராஜில் வேலை பழகுகிறவன் முதல் கிழமையிலேயே படிக்கிற விசயம். விரலால் ஒருக்கால் தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த நேரம் என் விரல் எங்கே போனது? மீசையை முறுக்கிக்கொண்டிருந்திருக்கும்.

கோயில் பூசை முடிய இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. மனைவி நாடியில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அழப்போகிறாள் என்று தெரிந்தது. "வாயைப் பொத்திக்கொண்டு உள்ள போம்," என்று அவள் மேல் பாய்ந்தேன். பிறகு மண்வெட்டியை எடுத்தேன்.

பின்பக்கம் கிணற்றடியில், முருங்கைக்குப் பக்கத்தில் கிண்டினால் ஒரு முழத்துக்குக் கீழே வெள்ளை மணல் வரும் என்று எனக்குத் தெரியும். அங்கே ஒரு கிடங்கு கிண்டினேன். ஒயில் பட்ட மணலை வாளி வாளியாக அள்ளி வந்து அதற்குள் கொட்டினேன். அங்கிருந்து எடுத்த நல்ல மணலை முன்பக்கம் கொண்டுபோய்ப் பரப்பினேன். பைக்குள் கிடந்த பழைய ஃபில்டரையும் கிடங்குக்குள் போட்டேன், அது கண்ணில் பட்டால் அதற்கும் ஒரு கதை சொல்லுவார் அல்லவா. மேலே மண்ணை இழுத்து மூடி, மிதித்து, நாலு முருங்கைச் சருகைத் தூவினேன். முன்பக்கம் ஓடிவந்து விளக்குமாற்றால் அவர் கூட்டுவது மாதிரியே கோடு கோடாகக் கூட்டினேன். ஒட்டியிருந்த பழைய வளையத்தைச் சுரண்டி எடுத்து, ஃபில்டரைச் சரியாகப் பூட்டி, புது ஒயில் கானில் மிச்சம் கிடந்ததையும் ஊற்றினேன். இந்த முறை எஞ்சின் ஓடியது. ஒயில் லைட் அணைந்தது. ஒன்றும் ஒழுகவில்லை.

அவர் வந்தார். கேற்றடியில் நின்றார். மணலை இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரைக்கும் பார்த்தார்.

"ம். பரவாயில்லை," என்றார்.

ஆறு மாதத்தில் அவர் வாயால் நான் கேட்ட முதல் நல்ல சொல். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தலையணையில் முகத்தை அமுக்கிச் சிரித்தேன். ஏமாத்திப்போட்டன் கிழவனை!

மனைவி சிரிக்கவில்லை. "மண்ணை எங்க போட்டனீங்கள்?" என்று கேட்டாள்.

"கிணத்தடியில தாட்டுப்போட்டன்."

அவள் முகம் மாறிவிட்டது. "இந்த நேரத்தில ஆராவது வளவுக்குள்ள மண் கிண்டுவினமே? உங்களுக்கு விசரே?"

அவள் சொன்னது சரி. அந்த வருசங்களில் திருகோணமலையில் புதிதாகக் கிண்டிய மண் என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். செத்த பூனையைப் புதைப்பவன்கூட அயலில் நாலு பேருக்குச் சொல்லிவிட்டுத்தான் புதைப்பான். வாழைக்குட்டி வைப்பவன் மண்வெட்டியை எடுக்கும்போதே வாழைக்குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான். இது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நான் அந்த ஒரு மணித்தியாலமும் பயந்தது வீட்டுக்காரருக்கு மட்டும்தான். நேவி என்று ஒன்று ஊரில் இருப்பதே என் மண்டையில் இருக்கவில்லை.

"தண்ணி ஊத்தி, ஒரு மிளகாய்க் கண்டையெண்டாலும் நட்டுவிடுங்கோ," என்றாள்.

"நாளைக்கு," என்றேன்.

அந்த 'நாளைக்கு' விடியவே அவர்கள் வந்துவிட்டார்கள்.

சுற்றிவளைப்பு. ஒவ்வொரு வீடாக வந்தார்கள். எங்கள் வீட்டுக்குள் நேவிக்காரர் ஏழெட்டுப் பேரும் ஒரு அதிகாரியும். வீட்டுக்காரர் பட்டியலை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். அவருக்கு உத்தியோகச் சிங்களம், தண்ணி மாதிரி ஓடும். எனக்கு விளங்கும், பேச வராது. பெயர்களையும் அடையாள அட்டைகளையும் சரி பார்த்தார்கள். எல்லாம் சரி. மனைவியை வயிற்றைப் பார்த்துவிட்டுக் குசினி வாசலில் ஒரு கதிரையில் இருக்கச் சொன்னார்கள். வீட்டுக்காரரையும் என்னையும் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ச் சுவரோடு நிறுத்தினார்கள். என்னைத் தலையில் கை வைக்கச் சொன்னார்கள், கிழவரை விட்டுவிட்டார்கள்.

ஒருவன் நீளமான இரும்புக் கம்பியால் வளவு முழுக்கக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு வந்தான். மற்ற இடங்களில் கம்பி ஒரு சாண் இறங்கி நின்றது. முருங்கைக்குப் பக்கத்தில் குத்தினான், முழங்கை ஆழத்துக்குப் போனது. அவன் நின்றான். கம்பியை இழுத்தான். நுனி கறுப்பாக இருந்தது. விரலால் தொட்டு மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அதிகாரியைக் கத்திக் கூப்பிட்டான்.

ஆயுதம் புதைக்கிறவர்கள் துரு ஏறாமல் ஒயில் பூசி, பொலித்தீனில் சுற்றித்தான் புதைப்பார்கள். அதுவும் அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் ஒன்றும் குறை வைக்கவில்லை. ஒயிலும் ஊற்றி, இரும்பையும் பொலித்தீனில் சுற்றியே வைத்திருந்தேன்.

ஒரு நிமிடத்தில் எல்லாத் துவக்கும் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. அதிகாரி சத்தம் போடாமல் கேட்டான், "இது யார் புதைத்தது?"

வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு தரம். என் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்திருக்கும். பிறகு அவர் அந்தப் பக்கம் திரும்பி, நல்ல சிங்களத்தில், "நான்," என்றார்.

"உள்ளே என்ன?"

அதற்கு அவர் என்ன சொல்லுவார், பாவம்? அவருக்கு என்ன தெரியும்? அவரை முழங்காலில் இருத்தினார்கள். மண்வெட்டி கொடுக்கவில்லை, பொறி வைத்திருந்தால் வெடிக்கட்டும் என்று கையாலேயே கிளறச் சொன்னார்கள். எல்லாரும் பத்தடி தள்ளிப் போனார்கள். என்னையும் இழுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். எழுபது வயது மனிதர், கோயிலுக்குப் போனால்கூட யாரோடும் முட்டாமல் ஒதுங்கி நிற்கிற மனிதர், நாலு காலில் குனிந்து கையால் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. சிங்களம் வராது என்று ஒரு சாட்டு இருக்கிறது, உண்மைதான். ஆனால் "ஒயில்" என்ற சொல் எந்தப் பாசையிலும் ஒயில்தான். காரைக் கை காட்டி அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாம். பயம், அதுவும் உண்மை. மனைவியையும் வயிற்றையும் நினைத்தேன், அதுவும் உண்மை. ஆனால் இவ்வளவையும் சொல்லிவிட்டு மற்றதை மறைத்தால் நான் எழுதுவதில் அர்த்தமில்லை. அந்த மனிதர் என் கண் முன்னால் குனிந்து மண் கிண்டுவதைப் பார்க்க என்னுள்ளே ஒரு மூலை சந்தோசப்பட்டது. உன்ரை மண், நல்லாக் கிண்டு என்று அது சொன்னது. தூ! இத்தனை வருசம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு என் முகத்திலேயே காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

கறுத்த மணல் வந்தது. அவருடைய கையும் வேட்டியும் கறுத்தன. பிறகு அவர் விரலில் பை தட்டுப்பட்டது. "பை ஒன்று," என்று அவர் சொன்னதுதான் தாமதம், அதிகாரி கத்தினான், எல்லாரும் நிலத்தில் விழுந்து படுத்தார்கள். அது ஃபில்டர் என்று தெரிந்த நானும் விழுந்து படுத்தேன். படுக்காமல் நின்றால் எனக்குத் தெரியும் என்று தெரிந்துவிடும் அல்லவா? அவர் மட்டும் முழங்காலில் தனியாக இருந்தார். பையைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

ஒன்றும் வெடிக்கவில்லை. அவர்களுடைய வாகனச் சாரதி ஒருவன் தலையை நிமிர்த்திப் பார்த்தான், எழும்பிக் கிட்டப் போனான், பையை விரித்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். "ஒயில் ஃபில்டர், சேர்! கார் ஃபில்டர்!" என்று அதைத் தூக்கிக் காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை, தன் உடுப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தான். "ஏன் இதைப் புதைத்தாய்?" என்று கேட்டான். வீட்டுக்காரர் அந்த ஃபில்டரைப் பார்த்தார், காரைப் பார்த்தார். அவருக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது. "முற்றத்து மணல் பழுதாகும் என்று," என்றார். அதிகாரி கையை ஓங்கி அவர் கன்னத்தில் ஒரு அறை விட்டான். கண்ணாடி கழன்று கிணற்றடிச் சேற்றில் விழுந்தது. பிறகு போய்விட்டார்கள்.

நான் கண்ணாடியை எடுத்துத் துடைத்துக் கொண்டுபோனேன். அவர் வாங்கவில்லை. கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுத் திரும்பினேன். மனைவி கதிரையை விட்டு எழும்பவில்லை. "வாய் இருந்ததுதானே உங்களுக்கு?" என்றாள். "ஒரு சொல்லுத்தானே?" நான் அவள் மேல் சத்தம் போட்டேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு.

அவர் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் போட்டுக் கை கழுவினார். நெடுநேரம் கழுவினார். ஒரு பக்கக் கன்னம் வீங்கிவிட்டது. நான் முருங்கையில் சாய்ந்துகொண்டு நின்றேன். போகவும் முடியவில்லை, கிட்டப் போகவும் முடியவில்லை.

"உள்ளுக்க என்ன கிடந்ததெண்டு உமக்குத் தெரியும்தானே?" என்று கேட்டார், திரும்பாமலே.

"ஓம், ஐயா."

"தெரிஞ்சுகொண்டு நிண்டனீர்."

"ஓம்."

துவாயால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "பிள்ளை பிறந்து முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிஞ்ச கையோட வீட்டை விட்டு எழும்பும். அதுமட்டும் பேர் பட்டியலில கிடக்கட்டும். அதுக்குப் பிறகு உம்மடை முகத்தில முழிக்க எனக்கு ஏலாது."

நான் அழுதிருக்க வேண்டும், காலில் விழுந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். "நான் கேட்டனானே உங்களை?" என்று கத்தினேன். "உங்கடை எண்டு சொல்லச் சொல்லி நான் கேட்டனானே? என்னெண்டு தெரியாமல் ஏன் சொன்னனீங்கள்?"

அவர் அப்போதுதான் திரும்பினார்.

"துவக்கெண்டுதான் நினைச்சன்," என்றார். "உம்மைக் கொண்டு போனால் வயித்தோட நிக்கிற அந்தப் பிள்ளையை ஆர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது? எனக்குக் கார் ஓடத் தெரியாது."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வலி கண்டது. நான் மனைவியைப் பின் சீற்றில் ஏற்றும்போது அவர் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து, யாரும் கூப்பிடாமல் முன் சீற்றில் ஏறினார். "வழியில மூண்டு இடத்தில மறிப்பாங்கள். உம்மடை சிங்களத்தில பிள்ளை காருக்குள்ளதான் பிறக்கும்," என்றார், என்னைப் பாராமல். மகள் அன்று பின்னேரம் பிறந்தாள், சுகமாகத்தான் பிறந்தாள். முப்பத்தொன்று கழிந்து நாங்கள் எழும்பியும் போனோம். அதெல்லாம் ஒழுங்காக நடந்தது. எனக்கு மறக்க ஏலாதது இரண்டாவது சோதனைச் சாவடியில் நடந்ததுதான்.

அங்கே றோட்டை மறித்த தடியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் ஃபில்டரைத் தூக்கிக் காட்டிய அந்தச் சாரதி. காருக்குள் குனிந்து பார்த்தான். கிழவரைக் கண்டதும் முகம் முழுக்கச் சிரிப்பு. "ஆ! ஒயில் ஃபில்டர் தாத்தா!" என்று சிங்களத்தில் கத்தி மற்றவர்களையும் கூப்பிட்டான். நாலைந்து பேர் வந்து சுற்றி நின்றார்கள். அவர் நாலு காலில் மண் கிளறியதை ஒருவன் றோட்டில் குந்திச் செய்து காட்டினான். பின்னால் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். தடி இறங்கியபடியே இருந்தது.

வீட்டுக்காரர் சிரித்தார். வீங்கிய கன்னத்தோடு, நீலம் பூத்த கண்ணோடு, அவர்கள் சிரிக்கிற மாதிரியே தோள் குலுங்கச் சிரித்தார். "ஓம் மாத்தையா, நான்தான், நான்தான்," என்று தன் கையையே மண் கிளறுவது மாதிரி ஆட்டிக் காட்டினார். பிறகு அதே சிரிப்போடு பின் சீற்றைக் கை காட்டி அவசரம் என்று சொன்னார். அவர்கள் இன்னும் பலமாகச் சிரித்துக்கொண்டே தடியைத் தூக்கினார்கள்.

நான் தலையைக் குனிந்துகொண்டு கியரைப் போட்டேன். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்க, பல்லுக்குள்ளால் என்னிடம் தமிழில் சொன்னார்.

"முகத்தைத் தொங்கப் போடாதையும். பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள். சிரியும்."

நான் சிரித்தேன்.